கவசக் குதிரைப்படைப் பிரிவின் போர்க்கால வரலாற்றைக் காப்பது எப்படி: வியட்நாம் காலப் பிரிவுகளுக்கான முழு வழிகாட்டி

1970 மார்ச் 26 அன்று, கம்போடிய எல்லையை ஒட்டிய தய் நின் மாகாணக் காட்டில் ஓர் அமெரிக்கக் காலாட்படைக் கம்பெனி வட வியட்நாம் படையிடம் சிக்கிக்கொண்டது. 11ஆவது ஆர்மர்டு கேவல்ரி ரெஜிமென்டின் (பெயரில்தான் குதிரைப்படை, போவது டாங்கியிலும் கவச வண்டியிலும்) ஏ ட்ரூப் காட்டை உடைத்துக்கொண்டு போய் அவர்களை மீட்டது. அந்தச் சண்டைக்கான பிரெசிடென்ஷியல் யூனிட் சைட்டேஷன் என்ற, பிரிவு முழுவதற்கும் தரப்படும் விருது 2009 அக்டோபர் 20 அன்றுதான் அதிபர் ஒபாமா கையால் கிடைத்தது. இடையில் 39 ஆண்டுகள். அன்றைய ட்ரூப் கமாண்டர் ஜான் பாயின்டெக்ஸ்டர் சாட்சியங்களையும் ஆவணங்களையும் திரட்டி விடாமல் முயன்றிராவிட்டால் அது கிடைத்தே இருக்காது.

கவசப் பிரிவுகளின் வரலாறு ஏன் இப்படி நழுவுகிறது? அரசாங்கக் காகிதம் ஸ்குவாட்ரன் அளவில், அதாவது பல ட்ரூப்கள் சேர்ந்த பிரிவின் அளவில், எழுதப்பட்டது. வீரர்களின் நினைவோ ஒரே ஒரு வண்டியின் அளவில் இருக்கிறது. 'ட்ராக்' என்று அவர்கள் சொல்லும் அந்த எம்113 கவச வண்டிதான் அவர்களுக்கு வீடு, சமையலறை, போர்க்களம் எல்லாம். பக்கத்துப் பிளாட்டூனுக்கு என்ன ஆனது என்பதே பலருக்குத் தெரியாது. ட்ராக்கில் இருப்பதையும் ஸ்குவாட்ரன் காகிதத்தில் இருப்பதையும் நாள், நேரம், வரைபடப் புள்ளி ஆகிய மூன்றையும் கொண்டு கோப்பதுதான் இந்த வேலை. மற்றதெல்லாம் அதற்கான தயாரிப்பு.

முதலில் பெயர்க் குழப்பத்தைத் தீர்த்துக்கொள்ளுங்கள்

கேவல்ரி என்ற பெயர் இருப்பதெல்லாம் கவசப்படை அல்ல. 1ஆவது கேவல்ரி டிவிஷன் வியட்நாமில் ஹெலிகாப்டரில் போன படை. அதில் '2ஆவது பட்டாலியன், 8ஆவது கேவல்ரி' என்றிருப்பது நடந்து போகும் காலாட்படை. மேலே சொன்ன சண்டையில் மீட்கப்பட்ட கம்பெனி அந்தப் பட்டாலியனைச் சேர்ந்ததுதான். கவசக் குதிரைப்படை என்றால் ஒன்று 11ஆவது ரெஜிமென்ட், இல்லையென்றால் காலாட்படை டிவிஷன்களோடு இருந்த தனி ஸ்குவாட்ரன்கள்: 1ஆவது டிவிஷனுக்கு 4ஆவது கேவல்ரியின் முதல் ஸ்குவாட்ரன், 25ஆவது டிவிஷனுக்கு அதே 4ஆவது கேவல்ரியின் மூன்றாம் ஸ்குவாட்ரன் என்பதுபோல. 'முதல் கேவ்' என்று ஒருவர் சொன்னால் எந்த முதல் என்று அங்கேயே கேட்டுவிடுங்கள். தப்பான பெட்டிகளைப் புரட்டி ஒரு வாரம் வீணாவது பெரும்பாலும் இந்த இடத்தில்தான்.

மற்ற படைகள் பட்டாலியன் என்பதை இங்கே ஸ்குவாட்ரன் என்பார்கள், கம்பெனி என்பதை ட்ரூப் என்பார்கள். ஆனால் டாங்கிப் பிரிவு மட்டும் கம்பெனியாகவே இருந்தது. 11ஆவது ரெஜிமென்டில் முதல் ஸ்குவாட்ரனுக்கு ஏ, பி, சி ட்ரூப்களும் டி கம்பெனியும். இரண்டாவதற்கு ஈ, எஃப், ஜி ட்ரூப்களும் எச் கம்பெனியும். மூன்றாவதற்கு ஐ, கே, எல் ட்ரூப்களும் எம் கம்பெனியும். அமெரிக்கத் தரைப்படையில் ஜே என்ற எழுத்தைப் பிரிவுகளுக்கு வைப்பதில்லை. ஆகவே யாருடைய குறிப்பிலாவது 'ஜே ட்ரூப்' என்று வந்தால் அது ஐ ட்ரூப்பையோ கே ட்ரூப்பையோ தவறாகக் கேட்டு எழுதியதாக இருக்கும். ரெஜிமென்ட் 1966 செப்டம்பரில் வுங் தாவ் துறைமுகத்தில் இறங்கி 1971 மார்ச்சில் கிளம்பியது. இரண்டாவது ஸ்குவாட்ரன் மட்டும் 1972 வரை இருந்தது. 'நான் 71 கடைசியில் பிளாக்ஹார்ஸில் (11ஆவது ரெஜிமென்டின் பட்டப்பெயர்) இருந்தேன்' என்பவரைப் பொய் சொல்கிறார் என்று முடிவு கட்டுவதற்கு முன் இதை நினைவில் வையுங்கள்.

வேலையின் வரிசை

ஆள் முதலில், ஒலிநாடா அடுத்து, காகிதம் கடைசி. 1968இல் இருபது வயதாயிருந்தவர் இப்போது எண்பதை நெருங்குகிறார். ஆவணக் காப்பகத்தில் இருக்கும் பெட்டி அடுத்த ஆண்டும் அதே அலமாரியில் இருக்கும். பெரும்பாலான குழுக்கள் இதைத் தலைகீழாகச் செய்கின்றன. காகிதத்தை ஸ்கேன் செய்வது மனசுக்குச் சுலபம். வயதான ஒருவரிடம் மிக மோசமான ஒரு நாளைப் பற்றிக் கேட்பது கஷ்டம். அதுதான் காரணம்.

ஆனால் வெறுங்கையோடு பேட்டிக்குப் போகக் கூடாது. இரண்டு வாரம் ஒதுக்கி ஓர் எலும்புக்கூடு காலவரிசை தயாரியுங்கள். அதற்கு ஏற்ற மூலம் 'ஆபரேஷனல் ரிப்போர்ட், லெசன்ஸ் லேர்ன்டு' என்ற காலாண்டு அறிக்கை. ஜனவரி 31, ஏப்ரல் 30, ஜூலை 31, அக்டோபர் 31 ஆகிய நாட்களோடு முடியும் காலாண்டுகளுக்கு இவை எழுதப்பட்டன. அமெரிக்கப் பாதுகாப்புத் துறையின் தொழில்நுட்பத் தகவல் மையத்தில் பல அறிக்கைகள் இலவசமாகவே கிடைக்கின்றன. பிரிவு எந்த மாதம் எங்கே இருந்தது, எந்த ஆபரேஷனில் இருந்தது, யார் கமாண்டர் என்பது வரை போதும். இவற்றைப் பட்டிகையாக (அட்டவணையாக) செய்யும்போது எதிரிச் சாவு எண்ணிக்கையைத் தனிப் பத்தியில், 'அறிக்கை கூறியது' என்ற தலைப்பில் வையுங்கள். அந்தப் போரில் சாவு எண்ணிக்கையே வெற்றியின் அளவுகோலாக இருந்ததால் அதை ஊதிப் பெருக்க எல்லோருக்கும் காரணம் இருந்தது.

சாட்சிக் கட்டம்

ஒருவருடைய பணிக்காலம் பொதுவாக 12 மாதம். ஆகவே ஐந்தரை வருடப் போரை ஒரே ஆள் சொல்ல முடியாது. ஒரு பெரிய தாளில் இடப்பக்கம் பெயர்கள், மேலே 1966 செப்டம்பர் முதல் மாதங்கள். ஒவ்வொருவரும் வந்த மாதத்திலிருந்து போன மாதம் வரை கட்டங்களை நிரப்புங்கள். ஒவ்வொரு பிளாட்டூனுக்கும் தனி நிறம் கொடுங்கள். வெள்ளையாக நிற்கும் இடங்கள்தான் உங்கள் தேடல் பட்டியல். ஒரு பெரிய சண்டை நடந்த மாதத்தில் ஒரு பிளாட்டூனுக்கு ஒரே ஒரு ஆள்தான் இருக்கிறார் என்றால் அவரைத்தான் முதலில் பார்க்க வேண்டும்.

ஒட்டுமொத்தமாகக் கப்பலில் வந்த பிரிவு ஒட்டுமொத்தமாக ஊர் திரும்பிவிடக் கூடாது என்பதற்காக ஆட்களை மற்றப் பிரிவுகளோடு மாற்றிக்கொண்டார்கள். அதனால் ஒரே ஆள் இரண்டு பிரிவில் இருந்திருக்கலாம். கட்டத்தில் ஒருவருக்கு ஒரே வரி என்று கட்டாயம் வைக்காதீர்கள்.

பேட்டி

கவசப்படை ஆட்களிடம் முதலில் வரும் சிக்கல் காது. வருடக்கணக்கில் எஞ்சினுக்கும் .50 காலிபர் துப்பாக்கிக்கும் பக்கத்தில் இருந்தவர்கள். எந்தக் காது பரவாயில்லை என்று கேட்டு அந்தப் பக்கம் உட்காருங்கள். கேள்விகளை 18 புள்ளி அளவில் அச்சடித்து முன்கூட்டியே கொடுங்கள். குளிர்சாதனத்தையும் மின்விசிறியையும் நிறுத்துங்கள். சட்டையில் மாட்டும் மைக், 48 கிலோஹெர்ட்ஸ், 24 பிட், சுருக்காத வேவ் கோப்பு. கூடவே வேறொரு கருவியிலும் பதிவு ஓடட்டும். அட்டை பழுதாவது எப்போதும் நல்ல பேட்டியின்போதுதான்.

ஒரு அமர்வு 90 நிமிடத்தைத் தாண்ட வேண்டாம். 'போர் எப்படி இருந்தது' என்று தொடங்காதீர்கள். மேலிருந்து பார்த்தபடி ஒரு எம்113இன் படத்தை வரைந்து அவர் முன்னால் வையுங்கள். ஏகேவ் என்ற கேவல்ரி வடிவத்தில் நடுவில் கவசம் வைத்த .50 காலிபர், பின்பக்கம் இருபுறமும் இரண்டு எம்60 இயந்திரத் துப்பாக்கிகள். டிரைவர் யார், டிசி எனப்படும் ட்ராக் கமாண்டர் யார், இடப்பக்கத் துப்பாக்கி யாரிடம், வலப்பக்கம் யார் என்று கட்டம் கட்டமாகப் பெயரெழுதச் சொல்லுங்கள். வார்த்தையில் வராதது இந்தப் படத்தில் வந்துவிடும். அடுத்து ட்ராக்கின் எண், பக்கவாட்டில் எழுதியிருந்த பெயர், எப்போது அந்த வண்டி கண்ணிவெடியில் போனது, பதிலுக்கு எது வந்தது. பெயர் ஒன்றுதான், வண்டி மூன்று என்று பல முறை தெரியவரும்.

வானொலி அழைப்பெண்ணும் உதவும். 6 என்றால் கமாண்டர். ஆகவே 16, 26, 36 என்பவை முதல், இரண்டாம், மூன்றாம் பிளாட்டூன் தலைவர்கள். பெயர் மறந்தவர்களுக்கும் 'டூ சிக்ஸ்' குரல் ஞாபகம் இருக்கும். அந்த மாதத்தில் டூ சிக்ஸ் யார் என்பதைக் கட்டத்தில் பார்த்துக்கொள்ளலாம்.

இறந்தவர்களைப் பற்றிய கேள்வி முதல் அரை மணி நேரத்தில் வரக் கூடாது. அவர் நிறுத்தச் சொன்னால் நிறுத்துங்கள், பதிவும் நிற்கட்டும். அமெரிக்காவில் முன்னாள் வீரர்களுக்கான நெருக்கடி உதவிக்கு 988ஐ அழைத்து 1ஐ அழுத்த வேண்டும். அந்த எண் உங்கள் கையில் இருக்கட்டும். அன்றிரவு ஒரு முறை போன் செய்து விசாரியுங்கள்.

அமெரிக்கக் காங்கிரஸ் நூலகத்தின் வெட்டரன்ஸ் ஹிஸ்டரி ப்ராஜெக்ட் 30 நிமிடத்துக்குக் குறைந்த பேட்டியை ஏற்பதில்லை. முதல் அமர்வு அந்த அளவையாவது தாண்டட்டும்.

அரசாங்கக் காகிதம்: எங்கே, எது

மேரிலாண்டின் காலேஜ் பார்க்கில் உள்ள தேசிய ஆவணக் காப்பகத்தில் பதிவுத் தொகுதி 472தான் வியட்நாமில் இருந்த அமெரிக்கத் தரைப்படைப் பிரிவுகளின் காகிதம். அதில் நீங்கள் தேட வேண்டியது டெய்லி ஸ்டாஃப் ஜர்னல், டிஏ படிவம் 1594. ஒவ்வொரு வானொலிச் செய்தியும் மணி வாரியாக அதில் ஏறும். போகும்முன் காப்பகத்தாருக்கு எழுதி, பிரிவு, ஸ்குவாட்ரன், மாதம் சொல்லிப் பெட்டி எண்களை வாங்குங்கள். உள்ளே பென்சில் மட்டும்தான், ஒரு நேரத்தில் ஒரு பெட்டி, அதில் ஒரு கோப்பு. ஒருகாலத்தில் ரகசியமாயிருந்த தாளைப் படமெடுக்கும்போது ரகசியம் நீக்கப்பட்டதற்கான சிறு அடையாளச் சீட்டு ஒவ்வொரு படத்திலும் விழ வேண்டும். முதல் படத்தில் பெட்டியின் முகப்பு, இரண்டாவதில் கோப்பின் முகப்பு, பிறகுதான் உள்ளே உள்ளவை. இந்தப் பழக்கம் இல்லாமல் எடுத்த 800 படங்கள் வீட்டுக்கு வந்தபின் எந்தப் பெட்டியிலிருந்து வந்தவை என்றே தெரியாத குப்பையாகிவிடும்.

உங்கள் ஸ்குவாட்ரனின் பெட்டியில் ஒரு வாரம் காணாமல் போயிருந்தால் அந்த வாரம் யாருடைய கட்டுப்பாட்டில் இருந்தது என்று பாருங்கள். ஸ்குவாட்ரன்களை ஏதாவது ஒரு டிவிஷனுக்குக் கடன் கொடுப்பது வழக்கம். அந்தச் செய்திகள் அந்த டிவிஷனின் ஜர்னலிலோ மேலிடத்துடையதிலோ இருக்கும். ட்ரூப் அளவுத் தாள்கள் கிடைப்பது அபூர்வம், அதை எதிர்பார்க்காதீர்கள்.

செயின்ட் லூயிஸில் இருக்கும் தேசியப் பணியாளர் ஆவண மையத்தில் தனிநபர் கோப்புகள் உண்டு. 'என் கோப்பு 1973 தீயில் எரிந்துவிட்டது' என்று பல வியட்நாம் வீரர்கள் நம்புகிறார்கள். 1973 ஜூலை 12 தீயில் தரைப்படைப் பக்கம் எரிந்தவை 1912 நவம்பர் 1க்கும் 1960 ஜனவரி 1க்கும் இடையே பணியிலிருந்து விலகியவர்களின் கோப்புகள். வியட்நாம் காலத்தவருக்கு இது பெரும்பாலும் பொருந்தாது. கோப்பு கேட்பதற்கான எஸ்எஃப் 180 படிவம் அனுப்பச் சொல்லுங்கள். ஒருவர் விலகி 62 ஆண்டு ஆனபின் அவருடைய கோப்பு எல்லோருக்கும் திறந்துவிடும். அதற்குமுன் அவரோ, இறந்திருந்தால் மறுமணம் செய்யாத துணைவர், பெற்றோர், பிள்ளை, உடன்பிறந்தோர் ஆகியோரோ கேட்டால்தான் முழுதாகக் கிடைக்கும்.

நேரமும் வரைபடப் புள்ளியும்

ஜர்னலில் '261420எச் மார்ச் 70' என்றிருந்தால் 26ஆம் தேதி, பிற்பகல் 2.20. எச் என்பது கிரீன்விச்சுக்கு 8 மணி நேரம் முன்னால் ஓடிய சைகோன் நேரம். போரின் பெரும்பகுதியில் ஹனோய் 7 மணி நேரத்தில் ஓடியது. எதிர்த்தரப்பு ஆவணத்தோடு ஒப்பிடும்போது ஒரு மணி நேர வித்தியாசம் இதனால் வரலாம். இன்னொன்று: ஜர்னலில் இருப்பது செய்தி பதிவான நேரம், சம்பவம் நடந்த நேரம் அல்ல. சண்டை சூடானால் பதிவு பல நிமிடம் பின்தங்கும், சில வரிகள் பிறகு ஒன்றாகத் தட்டச்சு செய்யப்படும்.

புள்ளிகள் இரண்டு எழுத்தும் ஆறு அல்லது எட்டு இலக்கமுமாக இருக்கும். எழுத்துகள் 100 கிலோமீட்டர் சதுரம். 11ஆவது ரெஜிமென்ட் ஓடிய பகுதியில் அடிக்கடி வருபவை எக்ஸ்டி, எக்ஸ்எஸ், ஒய்டி, ஒய்எஸ். ஆறு இலக்கம் என்றால் 100 மீட்டர் துல்லியம், எட்டு என்றால் 10 மீட்டர். தட்டச்சில் டி என்ற எழுத்து எஸ் ஆகிவிட்டால் இடம் 100 கிலோமீட்டர் தள்ளிப் போய்விடும். சோதனை எளிது: முந்தைய பதிவிலிருந்து இந்த இடத்துக்கு அந்த நேரத்துக்குள் ட்ராக் போயிருக்க முடியுமா என்று பாருங்கள்.

இங்கேதான் எல்லோரும் சறுக்குகிறார்கள். அந்தக் காலத்து எல்7014 வரிசை 1:50,000 வரைபடங்கள் 'இந்தியன் 1960' என்ற நில அளவை அடிப்படையில் வரையப்பட்டவை. கைப்பேசியும் செயற்கைக்கோள் படமும் டபிள்யூஜிஎஸ்84 என்ற வேறோர் அடிப்படையில். பழைய இலக்கத்தை அப்படியே புதியதில் போட்டால் சில நூறு மீட்டர் விலகும். ஆற்றின் இந்தக் கரையில் நடந்த சண்டை அந்தக் கரைக்குப் போய்விடும். வரைபட மென்பொருளில் மூல அடிப்படை 'இந்தியன் 1960' என்று கொடுத்து மாற்றுங்கள். அது கைவராவிட்டால் எல்7014 தாளின் ஸ்கேனை வைத்து, அதில் அச்சாகியிருக்கும் கட்டத்திலேயே புள்ளியைக் குறியுங்கள். எப்படி மாற்றினாலும் ஆவணத்தில் இருந்த இலக்கத்தை ஒரு பத்தியிலும் மாற்றியதைப் பக்கத்துப் பத்தியிலும் வையுங்கள். முதலாவதைத் தொடவே கூடாது.

வரைபடத்தின் மேல் விரித்து மெழுகுப் பென்சிலால் எழுதிய பிளாஸ்டிக் மேல்தாளை யாராவது கொடுத்தால் துடைக்காதீர்கள், சுருட்டாதீர்கள். அதன் மூலைகளில் கட்ட இலக்கத்தோடு சிறு கூட்டல் குறிகள் இருக்கும். அவற்றைச் சரியான வரைபடத் தாளின் மேல் பொருத்தி, மேலிருந்து நேராகப் படமெடுங்கள். அந்தக் குறிகள் அழிந்தால் மேல்தாள் வெறும் கோலம்.

புகைப்படத்துக்குத் தேதி கண்டுபிடிப்பது

கோடாக் ஸ்லைடின் அட்டைச் சட்டத்தில் அச்சான மாதம் கழுவிய மாதம், எடுத்த மாதம் அல்ல. படச்சுருள் பையிலேயே பல வாரம் கிடந்திருக்கும். படத்துக்குள் இருக்கும் பொருள்களை நம்புங்கள். ஷெரிடன் எனப்படும் எம்551 இலகு டாங்கி வியட்நாமுக்கு வந்தது 1969 ஜனவரியில். முதலில் பெற்றவை 4ஆவது கேவல்ரியின் மூன்றாம் ஸ்குவாட்ரனும் 11ஆவது ரெஜிமென்டின் முதல் ஸ்குவாட்ரனும். 'நோவம்பர் 68' என்று பின்பக்கம் எழுதிய படத்தில் ஷெரிடன் நின்றால் எழுத்துதான் தப்பு. சிவப்புப் புழுதி என்றால் சைகோனைச் சுற்றிய பகுதியில் சுமார் நவம்பர் முதல் ஏப்ரல் வரை. சேறு என்றால் மே முதல் அக்டோபர். சீட்டாட்டப் படத்தில் பணம் தெரிந்தால் உருப்பெருக்கிப் பாருங்கள். டாலருக்குப் பதில் வீரர்களுக்குத் தந்த ராணுவக் கொடுப்பனவுத் தாள்களின் வரிசை 1968 அக்டோபர், 1969 ஆகஸ்ட், 1970 அக்டோபர் என மாறிக்கொண்டே வந்தது. ஒரு வரிசை தெரிந்தாலே காலம் வெகுவாகச் சுருங்கும். ஸ்லைடு இடம் வலம் திரும்பியிருக்கிறதா என்பதை வண்டி எண்ணையோ சட்டைப்பையின் பெயர்ப்பட்டையையோ வைத்துச் சரிபார்க்கலாம்.

கடிதங்களின் உறையைத் தூக்கிப் போடாதீர்கள். தபால்தலை இடத்தில் 'ஃப்ரீ' என்று கையால் எழுதியிருக்கும். அதன் முத்திரைத் தேதிதான் பல நேரம் ஒரே உறுதியான தேதி. உள்ளே 'ஞாயிறு' என்று மட்டும் எழுதுவது அவர்கள் வழக்கம்.

ஸ்கேன், ஒலி, படச்சுருள்

35 மில்லிமீட்டர் ஸ்லைடுக்கு 4000 பிபிஐ, 24 பிட் நிறம், டிஃப் கோப்பு. ஒன்று சுமார் 64 எம்பி வரும், 1000 ஸ்லைடுக்கு 64 ஜிபி. அச்சுப் படத்துக்கு 600, தாளுக்கு 400, தாள் கறுப்பு வெள்ளையாக இருந்தாலும் நிறத்திலேயே. ஓரத்துப் பென்சில் குறிப்பு அப்போதுதான் தப்பும். ஸ்கேனரின் அகச்சிவப்புத் தூசி நீக்கும் வசதியைக் கோடாக்ரோம் வண்ணச் சுருளுக்கும் வெள்ளிக் கறுப்பு வெள்ளைச் சுருளுக்கும் அணைத்துவிடுங்கள். படத்தின் விவரத்தையே தூசி என்று நினைத்து அழித்துவிடும். தானாகத் தாள் இழுக்கும் ஸ்கேனரில் 'ஆனியன் ஸ்கின்' எனப்படும் மிக மெல்லிய தாள் நகல்களைக் கொடுக்காதீர்கள், கசங்கிக் கிழியும். தெர்மோஃபாக்ஸ் நகல்கள் வெப்பத்தால் கறுத்துக்கொண்டே போகும் வகை. கையில் கிடைத்த அன்றே அவற்றைப் படமெடுங்கள்.

1960களின் எக்டாக்ரோம் என்ற இன்னொரு வண்ணச் சுருள் சிவந்து போயிருக்கும். கோடாக்ரோம் இருட்டில் வைத்திருந்தால் நேற்று எடுத்ததுபோல் நிற்கும். நெகடிவில் வினிகர் வாடை வந்தால் அசிடேட் சிதையத் தொடங்கிவிட்டது. மற்றவற்றிலிருந்து பிரித்து முதலில் ஸ்கேன் செய்யுங்கள், அந்த வாயு பக்கத்துச் சுருளையும் கெடுக்கும். ஒட்டும் பக்கங்கள் கொண்ட ஆல்பத்திலிருந்து படத்தைப் பிய்க்காமல் பல்லிடுக்கு நூலை அடியில் விட்டு மெதுவாக அறுத்தெடுங்கள். வரவில்லை என்றால் பக்கத்தோடு ஸ்கேன் செய்யுங்கள். பிவிசி உறையும் லேமினேஷனும் கூடாது. பாலியெஸ்டர் உறை, குளிர்ந்த இருண்ட இடம், 30 முதல் 40 சதவீத ஈரப்பதம். பரணும் நிலவறையும் இரண்டுமே மோசம்.

வீட்டுக்கு அனுப்பிய 3 அங்குல ஒலிநாடாக் கடிதங்கள் தனி ரகம். மலிவான சின்னக் கருவிகள் பலவற்றில் நாடாவைச் சீராக இழுக்கும் கேப்ஸ்டன் உருளை கிடையாது. அதனால் சுருளின் தொடக்கத்துக்கும் முடிவுக்கும் வேகம் மாறிக்கொண்டே போகும். நல்ல கருவியில் போட்டால் குரல் மெல்ல மெல்லக் கீச்சிடும் அல்லது கனக்கும். நாடா பழுது என்று நினைக்க வேண்டாம். நிலையான வேகத்தில் 96 கிலோஹெர்ட்ஸ், 24 பிட்டில் பதிந்துகொண்டு, மூலப் பதிவைத் தொடாமல் நகலில் வேகத்தைத் திருத்துங்கள். பின்னணியில் யாரோ தலைகீழாகப் பேசுவதுபோல் கேட்டால் மறுபக்கமும் சேர்ந்து வாசிக்கப்படுகிறது, பாதித் தடத் தலை உள்ள கருவி வேண்டும். 8 மில்லிமீட்டர், சூப்பர் 8 சுருள்களைப் பழைய புரொஜெக்டரில் ஓட்டிப் பார்க்கும் ஆசையை அடக்குங்கள். சுருங்கிய சுருளின் துளைகளைப் பற்சக்கரம் கிழித்துவிடும். ஒவ்வொரு ஃப்ரேமாக ஸ்கேன் செய்யும் இடத்தில் கொடுங்கள்.

கோப்புப் பெயர் இப்படி: நாள், ட்ரூப், கொடுத்தவர் எண், வரிசை எண். உதாரணமாக 19700326-ஏ-017-0004. நாள் தெரியாவிட்டால் 00. கொடுத்தவரின் பெயரைக் கோப்பில் எழுதாமல் எண்ணாக வையுங்கள். பின்னால் அவர் பெயரை மறைக்கச் சொன்னால் ஒரே ஒரு பட்டியலைத் திருத்தினால் போதும். மூன்று நகல், இரண்டு வகை ஊடகம், ஒன்று வேறு ஊரில். கோப்பு மாறாமல் இருக்கிறதா என்று காட்டும் எஸ்எச்ஏ-256 சரிபார்ப்பு எண்களை ஸ்கேன் அன்றே எழுதி, வருடம் ஒரு முறை ஓட்டிப் பாருங்கள்.

சட்டம் குறுக்கிடும் நான்கு இடங்கள்

1969 ஜூலை 1 முதல் அமெரிக்கத் தரைப்படை பணி எண்ணை விட்டு சோஷியல் செக்யூரிட்டி எண் என்ற தனிநபர் அடையாள எண்ணுக்கு மாறியது. அதற்குப் பிந்தைய ஆள்பட்டியல், பதக்க உத்தரவு, மாற்றல் உத்தரவு எல்லாவற்றிலும் அந்த எண் இருக்கும். வெளியிடும்முன் அதை மறைக்க வேண்டும். எழுத்தின் மேல் கறுப்புப் பெட்டி வைத்து மறைத்தால் போதாது. பிடிஎஃப்பில் அடியில் எழுத்து அப்படியே இருக்கும். படமாக மாற்றி மறைத்தபின்னே வெளியிடுங்கள்.

ராணுவப் புகைப்படக்காரர் கடமையாக எடுத்த படத்துக்குக் காப்புரிமை இல்லை. ஒரு சிப்பாய் தன் சொந்தக் கேமராவில் எடுத்தது அவருடையது. கடிதத் தாள் பெற்றவருக்குச் சொந்தம், அதன் வாசகத்தின் உரிமை எழுதியவருக்கு. ஆகவே கொடை ஒப்பந்தத்தில் பொருள், உரிமை இரண்டையும் தனித்தனி வரியாகக் கேளுங்கள்.

போர்க்களத்திலிருந்து கொண்டுவந்த துப்பாக்கி என்று யாராவது நீட்டினால் கையில் வாங்காதீர்கள். பதிவு செய்யாத தானியங்கித் துப்பாக்கியை அமெரிக்காவில் ஒரு தனிநபர் இப்போது பதிவு செய்ய வழி இல்லை. குண்டோ கையெறிகுண்டோ இருந்தால், அது செத்ததுதான் என்று சத்தியம் செய்தாலும், தொடாமல் போலீஸைக் கூப்பிடுங்கள்.

நான்காவது, எதிரியிடமிருந்து எடுத்த நாட்குறிப்பும் குடும்பப் படமும். அது ஒருவருடைய கடைசி உடைமை, அவருடைய குடும்பம் இன்னும் தேடிக்கொண்டிருக்கலாம். 2012 ஜூனில் ஹனோயில் அமெரிக்கப் பாதுகாப்பு அமைச்சர் லியோன் பனெட்டா ஒரு வியட்நாம் வீரரின் நாட்குறிப்பைத் திருப்பிக் கொடுத்தார். பதிலுக்கு வியட்நாம் தரப்பினர் இறந்துபோன ஓர் அமெரிக்கச் சிப்பாயின் கடிதங்களைக் கொடுத்தார்கள். எல்லாப் பக்கத்தையும் ஸ்கேன் செய்து, எங்கே, என்று, எந்தச் சண்டையில் எடுத்தது என்று பேட்டியில் பதிந்து, திருப்பிக் கொடுக்கலாமா என்று வைத்திருப்பவரிடம் கேளுங்கள். பலரும் அந்தக் கேள்விக்காகவே காத்திருப்பார்கள்.

ஒத்துவராத சாட்சியங்கள்

ஒரே சாலையில் நடந்த இரண்டு பதுங்கித் தாக்குதல்கள் நினைவில் ஒன்றாகிப் போவது மிகச் சாதாரணம். ஃபயர் சப்போர்ட் பேஸ் எனப்படும் பீரங்கித் தளங்களின் பெயர்கள் வேறு வேறு இடங்களில் திரும்பத் திரும்ப வந்தன. பதக்கச் சான்றிதழின் நடை எழுத்தருடையது. வீரம் உண்மையாயிருக்கும், இடமும் மணியும் தப்பாயிருக்கும். வாஷிங்டனில் உள்ள வியட்நாம் வீரர் நினைவுச் சுவரிலோ பெயர்கள் தாக்குண்ட நாளின் வரிசையில் இருக்கின்றன, இறந்த நாளின் வரிசையில் அல்ல. காயம்பட்டு ஒரு மாதம் கழித்து ஆஸ்பத்திரியில் இறந்தவர் சுவரில் சண்டையில் விழுந்தவர்களோடு இருப்பார், மரண ஆவணத்தில் வேறு தேதி இருக்கும். இரண்டும் சரி.

ஆகவே ஒன்றை வைத்து மற்றொன்றைத் திருத்தாதீர்கள். பட்டிகையில் ஒரு சம்பவத்துக்கு எத்தனை மூலமோ அத்தனை வரி: எழுதியபடி நேரம், எழுதியபடி புள்ளி, மாற்றிய புள்ளி, எந்த ட்ராக், மூலம், பெட்டி, பக்கம், உங்கள் நம்பிக்கையின் அளவு. முடிவை ஒரு தனி வரியில், உங்கள் பெயரும் தேதியும் போட்டு எழுதுங்கள். அடுத்து வருபவர் உங்களை மறுக்க வேண்டுமென்றால் அவருக்கு மூலம் கலப்படமில்லாமல் வேண்டும். பேட்டியில் ஒருவர் தவறான மாதத்தைச் சொன்னாலும் எழுத்துப்படியில் அவர் சொன்னதே இருக்கட்டும், அடிக்குறிப்பில் உங்கள் கருத்து.

விருது கோருவது உங்கள் நோக்கமாக இருந்தால் இந்தப் பட்டிகைதான் ஆதாரம். காலம் கடந்த பரிந்துரைகள் அமெரிக்கச் சட்டத் தொகுப்பு 10ஆம் தலைப்பின் 1130ஆம் பிரிவின்கீழ், காங்கிரஸ் உறுப்பினர் ஒருவர் வழியாகத்தான் போக முடியும். நேரில் கண்டவர்களின் உறுதிமொழியும் அந்த நாளின் ஜர்னல் பக்கமும் சேர்ந்திருக்க வேண்டும்.

எங்கே கொடுப்பது

சங்கத்தின் செயலாளர் வீட்டு அலமாரி காப்பகம் ஆகாது. அவர் போனபின் அது பிள்ளைகளுக்குச் சுமை, பிறகு பழைய சாமான் விற்பனை. பேட்டிகள் காங்கிரஸ் நூலகத்துக்கு. கடிதம், நாட்குறிப்பு, படம் போன்றவை லப்பக்கில் உள்ள டெக்சஸ் டெக் பல்கலைக்கழகத்தின் வியட்நாம் காப்பகத்துக்கோ பென்சில்வேனியாவின் கார்லைலில் உள்ள தரைப்படைப் பாரம்பரிய, கல்வி மையத்துக்கோ. ஒருவருடைய தொகுப்பைப் பிரித்து மூன்று இடத்துக்குக் கொடுக்காதீர்கள். முழுதாக ஒரு இடத்தில், மற்ற இடங்களுக்கு டிஜிட்டல் நகல். கொடுக்கும்முன் அவர்களுக்கு எழுதி, என்ன கோப்பு வடிவம் ஏற்பார்கள், சீருடையும் பொருளும் ஏற்பார்களா என்று கேளுங்கள். கொடுத்தபின் அவர்கள் தரும் தொகுப்பு எண்ணை உங்கள் சாட்சிக் கட்டத்தில் அவருடைய பெயருக்குப் பக்கத்தில் எழுதுங்கள்.